முன்னால் நிற்பவர்

மாணவியர் வாலிபால் அரையிறுதியில் இருபத்தோராவது புள்ளிக்கு விசில் வரவில்லை. நடுவர் மேடையில் நின்ற சம்யுக்தா ஊதத்தான் செய்தாள். காற்று பாதியில் நின்றுபோயிற்று. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததை மைதானமே பார்த்திருந்தது. நடுவர் ஊதவில்லையே என்று பிள்ளைகள் திரும்பிப் பார்த்தபோது, அவள் மேடையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. கோபிசெட்டிபாளையத்தில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. தினமும் காலையில் மைதானத்தை எட்டுச் சுற்று ஓடிவிட்டுத்தான் மற்ற வேலை. இரண்டு மாதமாக இருந்த வறட்டு இருமலை மைதானத்துப் புழுதி என்று நினைத்துக் கஷாயம் குடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

புழுதி இல்லை. கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய். இரண்டு பக்கமும் பரவியிருந்தது.

செய்தி பள்ளிக்குப் போனதும் பார்க்க வந்த டீச்சர் ஒருத்தி, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: "நெஜமாவே நீ சிகரெட் புடிச்சதில்லையா சம்யு?" சம்யுக்தா சிரித்துவிட்டாள். அழுதிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் சிரிப்புதான் வந்தது.

அந்தக் கேள்வி சிரிப்பாக இல்லாமல் போனது அவளுடைய அப்பா செங்கோடனுக்குத்தான். அவர் பொதுப்பணித்துறையில் வாய்க்கால் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மதகுகளைத் திறந்து மூடி வயல்களுக்கு முறைத்தண்ணீர் விட்டவர். மனைவி இறந்த பிறகு மகள்தான் அவருக்கு எல்லாம். வாய்க்கால் கரையில் நடந்த காலமெல்லாம் அவர் பீடி குடித்திருந்தார்.

டாக்டர் பெனாசிரின் அறையில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி சிகிச்சையைப் பற்றியது அல்ல.

"ஏனுங்க டாக்டரு, நான் ஊதித் தள்ளுன புகையிலதான் எம் புள்ளைக்கு இது வந்துதுங்களா? மறைக்காம சொல்லிப்போடுங்க."

பெனாசிருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பதில் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு.

"புகை நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வயசுல, புகை பழக்கமே இல்லாத பிள்ளைங்களுக்கு வர்றது பெரும்பாலும் வேற மாதிரி. உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பெரிய புத்தகம் இருக்குன்னு வச்சுக்குங்க. எப்படி வளரணும், எப்ப நிறுத்தணும்னு எல்லாம் அதுல எழுதியிருக்கு. உங்க பொண்ணுக்கு ஒரே ஒரு செல்லுல, அந்தப் புத்தகத்துல ரெண்டு பக்கம் கிழிஞ்சு இடம் மாறி ஒட்டிக்கிச்சு. நிறுத்துன்னு இருக்க வேண்டிய இடத்துல வளருன்னு ஆயிருச்சு. இதைத்தான் மரபணுப் பிறழ்வுங்கிறோம். இவளா தேடிக்கிட்டதும் இல்ல, நீங்க குடுத்ததும் இல்ல."

செங்கோடன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். அந்தத் துண்டை வெகுநேரம் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"அந்தத் தப்பான பக்கத்தை மூடறதுக்கு மாத்திரை இருக்கு," என்று பெனாசிர் தொடர்ந்தார். "ஒரு மாசத்துல பாதி கரைஞ்சிடும். பிரச்சனை அது இல்ல. புற்றுநோய் சும்மா இருக்காது. ஓர் எழுத்தை மாத்திக்கும். மாத்திக்கிட்டா மாத்திரை பொருந்தாது. புதுசா மாத்திரை செஞ்சா மறுபடி மாத்தும். என்ன எழுத்தை மாத்தப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா, அது தலைதூக்கறதுக்கு முன்னாடியே அடிச்சிடலாம்."

"அது எப்படித் தெரியும்?" என்றாள் சம்யுக்தா.

"உங்களுக்கு முன்னால போறவங்களைப் பார்த்து."

அதைத்தான் வரிசைத் திட்டம் என்றார்கள். ஒரே மாதிரி பிறழ்வு உள்ள இளவயது நோயாளிகளுக்கு, நோய் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் எழுத்துகளை மாற்றிக்கொள்கிறது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுபிடித்திருந்தார்கள். பல நாடுகளின் மருத்துவமனைகளில் இருக்கும் அப்படிப்பட்டவர்களைக் கணினி தேடிப் பிடித்து வரிசையில் நிறுத்தியது. முன்னால் நிற்பவரின் நோய் எழுத்தை மாற்றியதும் அதில் ஒரு துணுக்கு எடுப்பார்கள். ஆறு வாரத்தில் அதற்கு மருந்து தயாராகும். பின்னால் நிற்பவர்கள் அதைத் தங்களுக்குத் தேவைப்படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்வார்கள்.

"அப்ப முன்னால நிக்கிறவருக்கு?" என்று கேட்டாள்.

"அவருக்கும் அதே மருந்துதான். ஆனா ஆறு வாரம் பிந்தி. அதுக்குள்ள நோய் கொஞ்சம் முன்னேறியிருக்கும்."

சம்யுக்தாவின் வரிசையில் மொத்தம் ஒன்பது பேர். அவள் இரண்டாவது. பெயர், ஊர், நாடு எதையும் சொல்லமாட்டார்கள். ஒருவருக்கொருவர் கடன்பட்ட உணர்வு வந்துவிடக்கூடாது என்பது திட்டக்காரர்களின் கணக்கு. ஒவ்வொரு மருந்தோடும் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஆளுக்கொரு கடிதம் மட்டும் எழுதிக்கொள்ள அனுமதி. அதுவும் மருத்துவர்கள் படித்து, அடையாளங்களை நீக்கி, அவரவர் மொழியில் மாற்றிக் கொடுப்பது.

முதல் மாத்திரையிலேயே அவளுக்கு மூச்சு திரும்பியது. நான்கு மாதத்தில் பள்ளிக்குப் போனாள். எட்டுச் சுற்று ஓட முடியவில்லை, மூன்று ஓடினாள். இரண்டாவது மருந்து வந்தபோது பெனாசிர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். நன்றி என்று எழுதிவிட்டு, அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் அரைமணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இன்று என் பிள்ளைகள் மாவட்ட அளவில் ஜெயித்தார்கள். நான் பக்கத்தில் நின்று கத்தினேன். கத்த முடிந்தது," என்று எழுதினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது.

"கத்தியது சந்தோஷம். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஆள். ஊரெல்லாம் லிஃப்ட் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, லிஃப்ட் இல்லாத வீட்டில் நாலாவது மாடியில் குடியிருக்கிறேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நேற்று மூன்றாவது மாடி வரை நிற்காமல் ஏறினேன். நன்றியெல்லாம் வேண்டாம். என்ன ஆட்டம், எத்தனைக்கு எத்தனை என்று எழுதுங்கள்."

அதன்பிறகு அவள் ஸ்கோர் எழுதினாள். மருந்து வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம், கடிதமும் அவ்வளவுதான். ஆனால் எந்த ஆட்டம் முடிந்தாலும் இதை லிஃப்ட்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்வாள். செங்கோடனும் கேட்பார்: "அந்தத் தம்பி எத்தனாவது மாடி ஏறுச்சாம் அம்மிணி?" மூன்றாவது மருந்தோடு வந்த பதிலில் இரண்டாவது மாடி என்றிருந்தது. அப்பாவிடம் நான்கு என்று சொன்னாள்.

இப்படி மூன்று ஆண்டுகள் போயின. ஒரு ஜூலை மாதப் பரிசோதனைக்குப் போனபோது பெனாசிர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சம்யுக்தா, உங்களுக்கு முன்னால நின்னவர் போன மாசம் தவறிட்டார்."

பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவருக்காக எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அழுகை அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"இறந்தவரைப் பத்தி ஒரு விஷயம் சொல்லலாம்னு விதியில இருக்கு. சொல்லணும்னு எனக்கும் தோணுது," என்றார் பெனாசிர். "மூணாவது மருந்து கணினி சொன்னதைவிட நாலு மாசம் முந்தியே வந்தது, ஞாபகம் இருக்கா? அவர் நோய் தானா எழுத்தை மாத்தல. மருந்து வேலை செய்யும்போது, மாறின செல்லுங்க ரொம்பக் கொஞ்சமா ஒளிஞ்சிருக்கும். ஊசிக்குச் சிக்காது. மருந்தை நாப்பது நாள் நிறுத்தினா வெளிய வரும். அப்ப எடுக்கலாம். அவர் தானா நிறுத்தினார். பின்னால நிக்கிறவங்களுக்கு நேரமில்லன்னு கேள்விப்பட்டு."

"பின்னால நின்னது நான்."

"ஆமா."

"எனக்கு ஏன் டாக்டர் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த மருந்தைச் சாப்பிட்டிருப்பீங்களா?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப முன்னால நான்தானே?" என்றாள்.

பெனாசிர் தலையசைத்தார். உடனே, "நான் உங்களை எதுவும் கேக்க முடியாது. கேக்கக்கூடாதுன்னு எழுதியே வச்சிருக்கு. கேக்கவும் மாட்டேன்," என்றார்.

"எனக்குப் பின்னால யாரு?"

"பத்தொன்பது வயசுப் பொண்ணு. அவ்வளவுதான் சொல்லலாம். உங்களுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. ஆனா அவ நோய் வேகமானது. மூணு மருந்தையும் தாண்டி உங்க பக்கத்துல வந்துட்டா. அடுத்த மாற்றத்துக்கு இன்னும் பதினாலு பதினஞ்சு வாரம்தான் இருக்குன்னு கணினி சொல்லுது. மருந்து அதுக்கு முன்னாடியே கையில இல்லன்னா அவ தாங்குவாளான்னு தெரியாது. உங்களுக்கு எப்படியும் ஒன்றரை வருஷம் இருக்கு."

"நிறுத்தினா எனக்கு என்ன ஆகும்?"

"மூச்சு வாங்கும். நுரையீரல்ல கொஞ்சம் இழப்பீங்க. எவ்வளவுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. மொத்தமாவே திரும்பாமப் போற வாய்ப்பும் உண்டு. அதையும் சொல்லிடறேன்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். செங்கோடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்தார்.

"வேண்டாம். பேச்சே வேண்டாம்."

"அப்பா, கேளுங்கப்பா..."

"என்னத்தக் கேக்கோணும்? யாரோ, எந்த ஊரோ, பேரு கூடத் தெரியாது. அதுக்காக நீயி மூச்சை அடகு வெப்பியா? உனக்கு ஒன்றரை வருசம் இருக்குதுன்னு அந்தம்மாளே சொல்றாங்கல்லோ?"

"அந்த லிஃப்ட்காரருக்கும் நான் யாரோதானுங்கப்பா."

அவர் வெளியே போய்விட்டார். நான்கு நாள் அவளோடு பேசவில்லை. இட்லி சுட்டு மேசையில் வைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் நடக்கப் போய்விடுவார். ஐந்தாம் நாள் காலையில், அவள் பள்ளிக்குக் கிளம்பி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றார்.

"முப்பது வருசம் மதகு தொறந்து உட்டவன் நானு," என்றார். "தலைமடைக்காரன் அடைச்சு வெச்சுக்கிட்டா கடைமடை காயுமுன்னு, அருவாளெடுத்துட்டு வந்தவங்கிட்டயெல்லாம் தனியாளா நின்னு சண்டை போட்டிருக்கறேன். ஒருக்கா ஒருத்தன் எம் மண்டைய ஒடைச்சே போட்டான். நீ சின்னப் புள்ள, தையலப் பாத்துட்டு அழுதே."

"ஞாபகம் இருக்குதுங்கப்பா."

"அன்னிக்கெல்லாம் எவனெவனோ தலைமடையில நின்னான். ஞாயம் பேச சுலுவா இருந்துச்சு. இப்ப எம் புள்ள நிக்குது." அவர் அவளுடைய ஷூவைப் பார்த்தார். "எனக்கு மனசு ஒப்பலை கண்ணு. இனியும் ஒப்பாது. ஆனா வேண்டாமுன்னு சொல்ல எனக்கு வாயில்ல. அந்தத் தம்பி அடைச்சு வெச்சிருந்தா நீயி இன்னிக்கு இங்க உக்காந்து ஷூ மாட்ட மாட்டே."

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவள் மாத்திரையை நிறுத்தினாள். தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது: யாரும் கேட்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை, நானாகச் செய்கிறேன் என்று. பெனாசிர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

முதல் இருபது நாள் ஒன்றும் தெரியவில்லை. இருபத்தைந்தாம் நாள் பள்ளியின் மாடிப்படியில் உட்கார வேண்டியதாயிற்று. முப்பதாம் நாள் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு வந்த நாட்களை அவள் பின்னாளில் யாரிடமும் விவரித்ததில்லை. தண்ணீருக்கடியில் நின்றபடி மேலே இருக்கும் வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல இருந்தது என்று ஒரே ஒருமுறை சொன்னாள். செங்கோடன் கட்டிலை விட்டு நகரவில்லை. அவள் மூச்சோடு சேர்ந்து அவரும் மூச்சை இழுத்துவிட்டதால், இரண்டாம் நாளே அவருக்குத் தலைசுற்றல் வந்து, நர்ஸ் திட்டினாள்.

முப்பத்தேழாம் நாள் ஊசியில் துணுக்கு சிக்கியது. அன்று மாலையே பழைய மாத்திரையைத் தொடங்கினார்கள். ஆறு வாரத்தில் நான்காவது மருந்து வந்தது. வரிசையில் இருந்த எல்லோருக்கும் போயிற்று, அவளுக்கும் வந்தது. மெல்ல மெல்ல அவள் மேலே வந்தாள். இடப்பக்க நுரையீரலின் கீழ்ப்பகுதி மட்டும் திரும்பவில்லை. இனி ஓட முடியாது. நடக்கலாம், பாடம் எடுக்கலாம், சத்தம் போடலாம்.

பின்னால் நிற்பவளிடமிருந்து கடிதம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று மட்டும் பெனாசிர் சொன்னார். அது போதும் என்று நினைக்க முயன்றாள். தான் முதல் கடிதம் எழுத அரைமணி நேரம் பேனாவைக் கடித்ததை நினைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை மன்னித்தும் விட்டாள்.

பதினோரு மாதம் கழித்து ஒரு நாள் முற்பகலில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பெனாசிரின் மேசையில் ஒரு புது மருந்துப் பெட்டி இருந்தது.

"அஞ்சாவது," என்றார் பெனாசிர். "இன்னிக்கே ஆரம்பிக்கலாம். உங்களுக்கு அந்த மாற்றம் வர இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கு. வரவே விடாம அடிச்சிடலாம்."

"யார்கிட்டயிருந்து எடுத்தது? எனக்கு முன்னால யாருமே இல்லையே டாக்டர்."

"இருக்காங்க."

சம்யுக்தாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பெண்ணின் நோய் வேகமானது. நான்காவது மருந்தால் பிழைத்தவள், பிழைத்த வேகத்திலேயே இவளைத் தாண்டி முன்னால் போய்விட்டாள். அதோடு நிற்கவில்லை. நோய் தானாக மாறும்வரை காத்திருக்காமல் தானே மருந்தை நிறுத்தியிருக்கிறாள்.

"நீங்க நிறுத்தினது அவளுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. விதிப்படி இதை உங்ககிட்ட காட்டக்கூடாது," என்று சொல்லிக்கொண்டே பெனாசிர் ஒரு தாளை நீட்டினார்.

"அக்கா, போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். நன்றி என்று எழுதிப் பார்த்தேன், அது ரொம்பச் சின்னதாக இருந்தது. கிழித்துவிட்டேன். எட்டு தடவை கிழித்தேன். அப்புறம் எழுதுவதைவிட மருந்தை நிறுத்துவது சுலபம் என்று தோன்றியது. துணுக்கு சிக்க நாற்பது நாள் ஆகும் என்று சொன்னார்கள். எனக்கு இருபத்தாறே நாளில் சிக்கிவிட்டது. நான் எதிலும் கொஞ்சம் அவசரக்காரி. அம்மா என்னோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை நான் முன்னால் நிற்கிறேன்."

சம்யுக்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதற்காகவா நான் அவளைப் பின்னால் வைத்துக் காப்பாற்றினேன்? இருபது வயதில் இவளுக்கு யார் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது? பிறகு, அப்பா தட்டில் கையை உதறிவிட்டு எழுந்தது நினைவுக்கு வந்து, தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கா டாக்டர்?"

"தேறிட்டா. வீட்டுக்கு விடச் சொல்லி டாக்டர்களோட சண்டை போடறாளாம். கொஞ்சம் இழப்பு இருக்கு. உங்களைவிடக் குறைவு."

"அடுத்த முறை நான்னு எழுதிக்குங்க. அவளுக்குத் தெரியாம இப்பவே எழுதிக்குங்க."

பெனாசிர் கணினியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "அடுத்தது ஏற்கனவே ஒருத்தர் எழுதிக் குடுத்துட்டார். அதுக்கு அடுத்ததுக்கும் ஆள் இருக்கு. உங்க எட்டுப் பேருக்கும் இப்ப வரிசைன்னு ஒண்ணு இல்லைங்கிறாங்க திட்டக்காரங்க. யார் முன்னால, யார் பின்னாலன்னு கணினிக்கே குழப்பமாயிருச்சாம். உங்களுக்கு வேணும்னா நாலாவதா போடறேன்."

"போடுங்க," என்றாள் சம்யுக்தா.

மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு வெளியே வந்தாள். செங்கோடன் எழுந்து நின்றார்.

"புது மருந்தா? யாருதாம் அம்மிணி?"

"எனக்குப் பின்னால இருந்த புள்ளைதுங்கப்பா. அந்தப் பத்தொன்பது வயசுப் புள்ள."

அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"எந்த ஊருன்னு சொன்னாங்களா?"

"சொல்ல மாட்டாங்கப்பா."

"எந்தத் தெசையின்னாச்சும்?"

"அதுவும் தெரியாதுங்கப்பா."

செங்கோடன் அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தின் நடுவில், ஆட்கள் போய்வந்துகொண்டிருந்த இடத்தில், இரண்டு கைகளையும் கூப்பிக் கிழக்கே பார்த்து நின்றார். அப்புறம் தெற்கே திரும்பினார். மேற்கே திரும்பி, அங்கே சுவர்தான் இருந்தது என்றாலும் அதையும் கும்பிட்டார். வடக்கே திரும்பும்போது காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்தாள்.

"ஏனுங்கய்யா, வழி தெரியலீங்களா? எங்க போகோணும்?"

"எங்கயும் போக வேண்டாமுங்க," என்றார் செங்கோடன், கூப்பிய கையை இறக்காமல்.